படுதா வரைந்தவர் பேராலயத்தை வரைந்தபோது

கேள்வி இதுதான்: 19ஆம் நூற்றாண்டு மெக்சிகோவின் ஓவியங்களிலும் கல்லச்சுப் (கல்லில் வரைந்து அச்சிடும் லித்தோகிராஃப்) படங்களிலும் தேவாலயத்தின் உட்புறம் ஏன் நாடக மேடை போலவே தெரிகிறது? அது பார்க்கிற நமக்குத் தோன்றும் பிரமையா? அந்தக் கட்டடங்களில் எதை இன்று நேரில் பார்க்கலாம்?

பிரமை இல்லை. அந்தப் படங்களில் பெயர்பெற்றவற்றை வரைந்தவர் தொழிலால் நாடகப் படுதா ஓவியர். நகரத்தின் பெரிய நாடக அரங்கைக் கட்டிய அதே மனிதர்தான் பேராலயத்தின் நடுப் பீடத்தையும் ஒரு தேவாலயக் குவிமாடத்தையும் கட்டினார். நூற்றாண்டின் பிற்பாதியில் மடங்களின் முற்றத்திலேயே சர்க்கஸும் நாடகமும் நடந்தன. கண், கை, சுவர் என்று மூன்று வழியிலும் கோயிலும் அரங்கும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்த காலம் அது. இதைப் புரிந்துகொள்ளாமல் அந்தப் படங்களை வெறும் பழைய நகரக் காட்சிகளாகப் பார்த்துவிட்டு நகர்ந்தால் பாதி விஷயம் போய்விடும்.

முதலில் அந்த ஓவியர். பெத்ரோ குவால்தி, 1808இல் வட இத்தாலியின் கார்பி ஊரில் பிறந்தவர். மிலானில் படித்தவர். 1830களின் இறுதியில் ஓர் இத்தாலிய ஓபரா குழுவோடு மேடைக்காட்சி ஓவியராக மெக்சிகோ வந்தார். வந்தவர் பல ஆண்டுகள் அங்கேயே தங்கி, 1841இல் மெக்சிகோ நகரத்தின் முக்கியக் கட்டடங்களைக் கல்லச்சுத் தொகுப்பாக வெளியிட்டார். அச்சிட்டது மாஸே, தெகாயேன் என்ற இருவரின் அச்சகம். கல்லச்சை மெக்சிகோவுக்குக் கொண்டுவந்தவரும் இன்னொரு இத்தாலியர்தான், கிளாவ்தியோ லினாத்தி. அவர் 1826இல் தொடங்கிவைத்த அந்தத் தொழில்நுட்பம் பதினைந்தே ஆண்டுகளில் இந்த அளவு நுணுக்கத்துக்கு வந்திருந்தது.

குவால்தியின் தொகுப்பில் பேராலயத்தின் வெளித்தோற்றம் இருக்கிறது, உட்புறம் இருக்கிறது, குவாதலூப்பே அன்னையின் ஆலயம் இருக்கிறது, மெர்சேத் மடத்தின் சுற்றுமண்டபம் இருக்கிறது. கூடவே சுரங்கக் கல்லூரி போன்ற அரசுக் கட்டடங்களும். எல்லாவற்றையும் அளந்து வரைந்தது போலத் துல்லியம். ஆனால் அந்தத் துல்லியத்தை ஒழுங்குபடுத்துவது கட்டடக்கலைஞரின் பார்வை இல்லை, மேடைக்காரரின் பார்வை.

மேடைக்காரரின் பார்வை என்றால் என்ன? அவருக்குக் கிடைப்பது சில அடி ஆழமுள்ள பலகை மேடை. அதில் முடிவில்லாத மண்டபத்தைக் காட்ட வேண்டும். இதற்காக இத்தாலியர்கள் இருநூறு ஆண்டுகளாகத் திட்டமிட்ட வித்தைகளை வளர்த்திருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் பிப்பியேனா குடும்பம் கொண்டுவந்த மூலைப்பார்வை அதில் பெரியது. மண்டபத்தை நேராக நடுக்கோட்டில் காட்டாமல் ஒரு மூலையிலிருந்து சாய்வாகக் காட்டுவது அது. தூண்வரிசைகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து மேடைக்கு வெளியே எங்கோ போய் மறையும், நாம் காணாத பகுதி காணும் பகுதியைவிடப் பெரிது என்ற எண்ணம் மனத்தில் உட்காரும். முன்னால் இருண்ட ஒரு வளைவையோ தூணையோ நிறுத்தினால் பின்னால் உள்ள வெளிச்சம் இன்னும் தொலைவுக்குப் போகும். ஆட்களைச் சிறிதாக்கினால் சுவர்கள் உயரும். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை மறைத்துவிட்டால் அது தெய்வ ஒளியாகிவிடும்.

இந்த வித்தைகளைக் கையில் வைத்திருந்தவரிடம் மெக்சிகோ பேராலயம் கிடைத்தது. 1573இல் தொடங்கி 1813இல் மானுவேல் தோல்சா முடித்துவைத்த கட்டடம், ஏறக்குறைய 240 ஆண்டு வேலை. அந்தக் காலத்தில் உள்ளே பெஞ்சுகள் கிடையாது, மக்கள் தரையிலேயே முழந்தாளிட்டார்கள், உட்கார்ந்தார்கள். அதனால் தரை முழுக்கத் திறந்த மேடை போலக் கிடந்தது. குவால்திக்கு வேறென்ன வேண்டும்? சிறு சிறு குழுவாக ஆட்களைப் பரப்பினார், நிழலை முன்னால் வைத்தார், தூண்களை ஓடவிட்டார். இது ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கட்டடத்துக்குள் நிற்பவர் உணரும் அளவு வெறும் அளவுக்கோட்டில் வராது, அதைத் தாளில் கொண்டுவர அவருக்குத் தெரிந்த மொழி மேடை மொழி.

அப்புறம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து ஓபரா மேடையே கோயில்களால் நிறைந்திருந்தது. 1831இல் பாரிஸில் அரங்கேறிய மேயர்பேரின் ஓபரா ஒன்றில், நிலவொளியில் பாழடைந்த மடத்து முற்றத்தில் இறந்துபோன கன்னியர் எழுந்து ஆடுகிறார்கள். ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்ட காட்சி அது. நிலவறைக் கல்லறை, மடத்து மண்டபம், இருண்ட ஆலயம் எல்லாம் படுதா ஓவியரின் அன்றாட வேலை. ஆக, குவால்தி மெக்சிகோவின் ஆலயங்களை வரைய உட்கார்ந்தபோது புதிய பொருளைத் தொடவில்லை. மேடையில் துணியில் வரைந்துகொண்டிருந்ததைக் கல்லால் கட்டி யாரோ ஏற்கெனவே எழுப்பி வைத்திருந்தார்கள்.

அதற்கும் காரணம் இருக்கிறது. ஸ்பானிய ஆட்சிக் காலத்து மெக்சிகோவின் ஆலயமே அரங்க உணர்வோடு வளர்ந்ததுதான். ஹெரோனிமோ தெ பல்பாஸ் 1718இல் தொடங்கி 1737இல் முடித்த அரசர் பீடத்தைப் பாருங்கள். பேராலயத்தின் கடைக்கோடியில், கூரைவரை பொன்பூசி, தலைகீழாக ஒடுங்கும் தூண்களோடு, ஒரு குகைபோல உள்வாங்கி நிற்கும். பெரிய வியாழனன்று நற்கருணையை வைக்க மரத்தாலும் துணியாலும் ஆலயங்களுக்குள் தற்காலிக மண்டபங்கள் எழுப்புவார்கள், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மக்கள் கோயில் கோயிலாகப் போய்ப் பார்ப்பார்கள். வண்ணம் பூசிய துணியில் கட்டடம் காட்டுவது மெக்சிகோவுக்கு இத்தாலிய ஓபரா வந்த பிறகு தெரிந்த விஷயமில்லை.

இப்போது கட்டியவரைப் பார்க்கலாம். லொரென்சோ தெ லா இதால்கா, 1810இல் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் பிறந்தவர். மெக்சிகோவுக்கு வந்து சில ஆண்டுகளிலேயே ஜனாதிபதி சாந்தா அன்னாவின் விருப்பத்துக்குரிய கட்டடக்கலைஞரானார். பிரான்சிஸ்கோ ஆர்பேவு என்ற நாடகத் தொழிலதிபர் பெரிய அரங்கு ஒன்றுக்குத் திட்டம் போட்டார், இதால்கா வரைந்தார். 1842இல் அடிக்கல், 1844 பிப்ரவரி 10இல் திறப்பு. பெயர் சாந்தா அன்னா பெரும் அரங்கம். முகப்பில் பிரம்மாண்டமான கொரிந்தியத் தூண்கள், உள்ளே இரண்டாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். அமெரிக்கக் கண்டத்தின் மிகப் பெரிய அரங்குகளில் ஒன்று.

சாந்தா அன்னாவின் பெயர் முதலில் பத்தே மாதம்தான் நின்றது. 1844 டிசம்பரில் அவர் ஆட்சி கவிழ்ந்தது. போரில் அவர் இழந்த காலை 1842இல் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்திருந்தார்கள், அதைக் கூட்டம் தோண்டியெடுத்துத் தெருவில் இழுத்துப் போனது. அரங்கம் தேசிய அரங்கமாயிற்று. 1860களில் பேரரசராக இருந்த மாக்சிமிலியான் காலத்தில் பேரரசு அரங்கம், அவருக்குப் பிறகு மறுபடி தேசிய அரங்கம். 1854 செப்டம்பரில் மெக்சிகோவின் தேசிய கீதம் முதன்முதலாகப் பாடப்பட்டது இந்த மேடையில்தான்.

அதே இதால்கா ஆலயங்களில் என்ன செய்தார்? 1840களின் பிற்பாதியில் பேராலயத்தின் நடுவே, பல்பாஸின் பழைய நடுப் பீடம் இருந்த இடத்தில், புதிய செவ்வியல் பாணியில் தூண்கள் சூழ்ந்த உயர்ந்த பீடக்கோபுரம் ஒன்றை எழுப்பினார். பொன்பூச்சுப் பின்னலுக்குப் பதில் ஒழுங்கான தூண், ஒழுங்கான மேற்கட்டு. அரங்க முகப்பில் எழுதிய அதே இலக்கணம். இரண்டும் ஒருவரின் கைதான் என்று சொல்லாமலே தெரியும்.

அடுத்து சாந்தா தெரேசா, எனக்கு மிகப் பிடித்த கட்டடம். பழைய கார்மேல் கன்னியர் மடத்தை ஒட்டி, ஓர் அற்புதச் சிலுவைநாதருக்காக எழுந்த சிற்றாலயம் அங்கே இருந்தது. 1813இல் அதன் குவிமாடத்தில் ரஃபேல் ஹிமேனோ ஓவியம் தீட்டியிருந்தார். 1845 ஏப்ரல் 7 நிலநடுக்கத்தில் குவிமாடம் இடிந்தது, ஓவியமும் போயிற்று. மறுபடி கட்டும் பொறுப்பு இதால்காவிடம் வந்தது. அரங்கைத் திறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு உருளைச் சுவர்களை எழுப்பி அதன்மேல் குவிமாடத்தை ஏற்றினார். இரண்டு அடுக்கிலிருந்தும் வெளிச்சம் உள்ளே இறங்கும், குவிமாடம் நம்மைவிட்டு விலகி மேலே மேலே போவது போலிருக்கும். மேடையில் துணியும் விளக்கும் வைத்துச் செய்கிற வேலையை இங்கே கல்லும் சூரியனும் செய்கின்றன. 1850களில் ஹுவான் கொர்தேரோ அதன் உட்புறத்தைத் தீட்டினார். ரோமில் பயின்று திரும்பியவர் அவர். சான் கார்லோஸ் கலைக்கழகத்தின் இயக்குநராக இருந்த காட்டலான் ஓவியர் பெலேக்ரீன் கிளாவேக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. கொர்தேரோ சாந்தா தெரேசாவிலும் சான் பெர்னாந்தோவிலும் குவிமாடம் தீட்டினார், கிளாவே தன் மாணவர்களோடு 1860களில் லா புரோபேசா ஆலயத்தின் குவிமாடத்தைத் தீட்டினார். அந்தப் போட்டி நகரத்துக்கு நல்ல வானங்களைத் தந்தது. கிளாவேயின் வானம் 1914 தீயில் எரிந்துபோனது.

கொர்தேரோ 1861இல் இதால்காவின் உருவப்படத்தையும் வரைந்தார். ஒரே நகரம், ஒரே வட்டம். குவால்தியும் இதால்காவின் அரங்கை வரைந்திருக்கிறார். ஆலயத்துக்கும் அரங்குக்கும் தனித்தனிக் கலைஞர்கள் இருந்தார்கள் என்று நினைத்துக்கொண்டு தேடினால்தான் இந்தக் காலம் குழப்பமாகத் தெரியும்.

குவால்திக்குப் பிறகு அந்தப் பார்வையை மெக்சிகோக்காரர் ஒருவர் கையிலெடுத்தார். கசிமிரோ காஸ்த்ரோ. 1855, 1856இல் தெகாயேன் வெளியிட்ட நகரக் காட்சித் தொகுப்பில் பெரும்பகுதி அவருடையது. குவாதலூப்பே ஆலயத்தைச் சுற்றிய ஊரை வெப்பக்காற்றுப் பலூனிலிருந்து பார்ப்பது போல வரைந்தார். தேசிய அரங்கின் வெளிப்புறமும் அதில் உண்டு. குவால்தியிடம் ஆட்கள் அளவுக்கோல்களாக நின்றார்கள், காஸ்த்ரோவிடம் தண்ணீர் விற்பவரும் வண்டிக்காரரும் சீமாட்டியும் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். என் கணிப்பில் கட்டட அறிவில் குவால்தி மேல், நகரத்தின் உயிரில் காஸ்த்ரோ மேல்.

கலைக்கழகத்துக்குள் வேறொரு இத்தாலியர் இருந்தார். எவ்ஹேனியோ லாந்தேசியோ, 1855இல் வந்து நிலக்காட்சியும் பெர்ஸ்பெக்டிவும் (தட்டையான தாளில் ஆழத்தைக் காட்டும் முறை) கற்பித்தவர். நிலக்காட்சி ஓவியத்தை அவர் இரண்டாகப் பிரித்துச் சொல்லித்தந்தார்: இடம், நிகழ்ச்சி. வானம், இலைத்தொகுதி, நிலம், நீர், கட்டடம் ஆகிய ஐந்தும் இடம். வரலாறு, மக்கள் வாழ்க்கை, போர், குடும்பம் போன்றவை அந்த இடத்தில் நடக்கும் நிகழ்ச்சி. காட்சியமைப்பும் நடிப்பும் என்ற அரங்கப் பிரிவினை இதில் அப்படியே இருக்கிறது. மாணவர்களைத் தொடக்கப் பயிற்சிக்கு மடங்களின் முற்றங்களுக்கும் மண்டபங்களுக்கும் அனுப்பினார், ஏனென்றால் வளைவுகளும் நிழலும் பெர்ஸ்பெக்டிவ் பழக நல்ல பாடம். பின்னாளில் மெக்சிகோ பள்ளத்தாக்கைப் பெரிய கான்வாஸ்களில் தீட்டிப் புகழ்பெற்ற ஹோசே மரியா வெலாஸ்கோ, இருபது வயதையொட்டி வரைந்த படங்களில் ஒன்று சான் அகுஸ்தின் மடத்து முற்றம்.

அந்த மாணவர்கள் வரைந்துகொண்டிருந்தபோதே மடங்கள் காலியாகிக்கொண்டிருந்தன. 1856 ஜூனில் வந்த லெர்தோ சட்டம் திருச்சபை தன் நிலபுலன்களை விற்கவேண்டும் என்றது. அதே ஆண்டு சதி நடந்தது என்ற குற்றச்சாட்டில் சான் பிரான்சிஸ்கோ பெருமடத்தின் குறுக்கே தெரு வெட்டினார்கள். 1859 ஜூலையில் பெனித்தோ ஹுவாரெஸ் அரசு திருச்சபைச் சொத்துகளை நாட்டுடைமை ஆக்கியது, துறவியர் சபைகளைக் கலைத்தது. 1861இலிருந்து கடப்பாரை ஓயவில்லை. பீடங்களின் பொன்பூச்சு மரம் பெயர்ந்தது, மண்டபங்கள் குடியிருப்பாகவும் கிடங்காகவும் படைமுகாமாகவும் மாறின. சான் அகுஸ்தின் ஆலயத்தை தேசிய நூலகமாக்க 1867இல் ஆணை பிறந்தது, 1884இல் நூலகம் திறந்தது. இந்தப் பின்னணி தெரிந்தால் மாணவர்களின் அமைதியான முற்றப் படங்கள் வேறு மாதிரி தெரியும். பாடம் என்று வரைந்தது ஆவணமாகிவிட்டது. பக்தியுள்ள கத்தோலிக்கரான லாந்தேசியோ அந்தச் சீர்திருத்தச் சட்டங்களுக்கு உறுதிமொழி அளிக்க மறுத்தார், 1873இல் வேலையை இழந்தார், 1879இல் பாரிஸில் இறந்தார்.

சான் பிரான்சிஸ்கோ மடத்தின் கதைதான் இதில் உச்சம். புதிய ஸ்பெயினின் (ஸ்பானிய ஆட்சிக் கால மெக்சிகோவின்) முதல் பிரான்சிஸ்கன் துறவிகள் 1520களில் நிறுவிய மடம். அதன் பெரிய சுற்றுமண்டப முற்றத்தில் 1860களில் இத்தாலியரான கியாரினியின் சர்க்கஸ் கொட்டகை இறங்கியது. தூண்களும் வளைவுகளும் சுற்றி நிற்க, நடுவே குதிரைகள் ஓடின. 1873இல் மெதடிஸ்ட் சபை அந்த இடத்தை வாங்கி ஆலயமாக்கியது. கத்தோலிக்க மடம், சர்க்கஸ் அரங்கு, புராட்டஸ்டன்ட் ஆலயம் என மூன்றும் ஒரே தூண்களுக்கு நடுவே, பதினைந்து ஆண்டுக்குள். கட்டடம் மூன்றுக்கும் பொருந்தியது என்பதுதான் கவனிக்க வேண்டியது. நடுவில் நிகழ்ச்சி, சுற்றிலும் பார்வையாளர், மேலிருந்து வெளிச்சம். மடத்தை அரங்காக்க அதிகம் இடிக்க வேண்டியிருக்கவில்லை.

இதேபோல 1768 நிலநடுக்கத்தில் சேதமடைந்த சான் பெலிப்பே நேரி ஆலயத்தில் 1875இல் ஆர்பேவு அரங்கம் திறந்தது. தேசிய அரங்குக்குத் திட்டம் போட்ட அதே ஆர்பேவுவின் நினைவாக வைத்த பெயர். ஆலயத்தின் பழைய கல்முகப்பு நாடகம் பார்க்க வந்தவர்களை வரவேற்றது. மாகாணங்களிலும் இதே போக்குதான். குவானாஹுவாத்தோவில் பிரான்சிஸ்கன் மடம் இருந்த நிலத்தில் 1870களில் ஹுவாரெஸ் அரங்கின் வேலை தொடங்கியது, 1903இல் திறப்பு. பக்கத்தில் சான் தியேகோ ஆலயம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சான் லூயிஸ் போத்தோசியின் அமைதி அரங்கம், 1894, கார்மேல் மடத்து நிலத்தில் எழுந்தது. ஹுவாரெஸ் மடங்களை மூடினார், அவர் பெயரிலேயே மடத்து மண்ணில் அரங்கு வந்தது. தற்செயல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. நகரத்தின் நடுவே பெரிய நிலம் வேண்டும், அது அரசின் கையில் இருக்கவேண்டும், புதிய குடியரசு தன்னைக் காட்டிக்கொள்ள ஒரு பெரிய கூடம் வேண்டும். மடத்து நிலம் மூன்றுக்கும் விடையாக இருந்தது.

குவாதலஹாராவின் தெகோயாதோ அரங்கம் சற்று வேறு. ஹாகோபோ கால்வெஸ் வடிவமைத்தது, 1856இல் தொடங்கி 1866இல் ஓபரா பாடகி ஆங்ஹெலா பெரால்தாவின் நிகழ்ச்சியோடு திறந்தது. அதன் உள்விதானத்தில் கால்வெஸும் ஹெரார்தோ சுவாரெஸும் தாந்தேயின் காவியத்தில் நான்காம் காண்டத்தைத் தீட்டினார்கள், ஞானஸ்நானம் பெறாத பண்டைக் கவிஞர்களையும் ஞானிகளையும் கவிஞர் சந்திக்கும் இடம். ஆலயக் குவிமாடத்தில் புனிதர்கள் இருக்கும் இடத்தில் இங்கே ஹோமரும் துணைவர்களும். ஆலயத்திலிருந்து அரங்குக்கு வானத்தை எடுத்துச் செல்லும்போது யாரை அதில் வைப்பது என்ற கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான பதில் எனக்குத் தெரியவில்லை.

கேரேத்தாரோவையும் சொல்லியாக வேண்டும். 1867 ஜூனில் தோற்ற பேரரசர் மாக்சிமிலியான்மீதும் அவருடைய தளபதிகள் மிராமோன், மெஹியாமீதும் ராணுவ நீதிமன்றம் கூடியது இத்துர்பிதே அரங்கின் மேடையில். தளபதிகள் இருவரும் மேடைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். நோயுற்றிருந்த பேரரசர் வரவில்லை, அவரை அடைத்து வைத்திருந்த இடம் கப்புச்சின் கன்னியர் மடம். மடம் சிறையாகவும் அரங்கு நீதிமன்றமாகவும் நின்ற அந்த வாரம் ஜூன் 19 துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது.

சரி, இவற்றில் எதைப் பார்க்கலாம்? இதால்காவின் தேசிய அரங்கம் இல்லை, தெருவை நீட்டுவதற்காக 1901இல் இடித்தார்கள். அதற்கு மாற்றாக 1904இல் அதாமோ போவாரி தொடங்கிய புதிய அரங்கம் 1934இல் நுண்கலை மாளிகையாக முடிந்தது, அது நிற்பதும் சாந்தா இசபெல் கன்னியர் மடத்து நிலத்தில்தான். பேராலயத்தில் இதால்கா வைத்த பீடக்கோபுரத்தை 1940களில் அகற்றிவிட்டார்கள். அதனால்தான் குவால்தி, காஸ்த்ரோ படங்களுக்கு இவ்வளவு மதிப்பு. பல கட்டடங்களுக்கு அவைதான் மிச்சமான சாட்சி, அதுவும் மேடைக்காரரின் கண்வழியாக வந்த சாட்சி. அவற்றை அளவுகளுக்காக நம்பும்போது ஆட்களின் உயரத்தைக் கட்டடத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

நேரில் போகிறவர்கள் சாந்தா தெரேசாவிலிருந்து தொடங்கலாம். 1993 முதல் அது சமகாலக் கலைக்கூடமாக இயங்குகிறது, பேராலயத்திலிருந்து சில நிமிட நடை. கட்டடம் மண்ணில் இறங்கிச் சாய்ந்திருப்பது காலுக்கே தெரியும், குவிமாடத்துக்குக் கீழே நின்று இரண்டு அடுக்கு வெளிச்சத்தையும் பார்க்கவேண்டும், காலை நேரம் நல்லது. கான்தே தெருவில் மெதடிஸ்ட் ஆலயத்துக்குள் சான் பிரான்சிஸ்கோவின் சுற்றுமண்டபம் இருக்கிறது. ஆர்பேவு அரங்கம் 1970 முதல் லெர்தோ தெ தெஹாதா நூலகம், உள்சுவர்களில் இப்போது விளாதியின் ஓவியங்கள். வெலாஸ்கோவையும் லாந்தேசியோவையும் தேசிய கலை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். குவால்தியின் கடைசி வேலைகளில் ஒன்றுக்கு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் போகவேண்டும். 1850களில் அங்கே குடியேறியவர், இத்தாலியர் நலச் சங்கத்துக்காக முதலாம் செயின்ட் லூயிஸ் கல்லறைத் தோட்டத்தில் வெண்பளிங்குக் கல்லறை மண்டபம் ஒன்றை வடிவமைத்தார். அது எழுந்த 1857இலேயே அவரும் அந்த ஊரில் காலமானார்.